நல்லாக் கழுவிக்கோ

போடிநாயக்கனூர்,
ஞாயிறு காலை.

அன்பு மருமகள் சுசித்ராவுக்கு மாமனார் ஜக்கையன் எழுதுவது. நீயும் பாப்பாவும் உன் அம்மா வீட்டில் சுகமாக இருக்க ஜக்கம்மா துணை நிற்கட்டும். ராசிங்காபுரம் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் பஸ்சில் ஏற இந்த இடுப்பு விடாது. போனில் பேசினால் மறுபடியும் பொய் சொல்லிவிடுவேனோ என்று பயம். அதனால்தான் கடுதாசி.

போடிமெட்டுச் சரிவில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்த பிறகு சுவரைப் பார்த்துக் கிடந்தவன் நான். நீதான் கொல்லையில் செங்கல் அடுக்கி, சேரில் உட்கார்ந்தால் கை எட்டும் உயரத்தில் தொட்டிகளை வைத்தாய். களை வராமல் தேங்காய் நார் பரப்பினாய். ஒரு குழாயைத் திருகினால் எல்லாச் செடிக்கும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் போகும். முப்பது வருஷம் ஏலக்காட்டில் கிடந்தும் ஒரு செடியை நான் உட்கார்ந்து பார்த்ததில்லை. உன் புதினாவையும் தூதுவளையையும் பார்த்துக்கொண்டு காப்பி குடித்த அந்த ஆறு மாசம்தான் ஆத்தா, நான் சந்தோஷமாக இருந்த காலம்.

நீ கேட்டது ஒன்றே ஒன்று. "மாமா, இதுல மருந்து மட்டும் அடிச்சிராதீங்க" என்றாய். சரி என்றேன். ஏலச்செடிக்குப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை பூச்சிமருந்து அடித்துப் பழகிய கை. புதினாவில் நாலு இலை சுருண்டதும் பொறுக்கவில்லை. நீ கடைக்குப் போன நேரம் பார்த்து, கட்டிலுக்கடியில் கிடந்த பழைய பாட்டிலை எடுத்து அடித்துவிட்டேன்.

மறுநாள் சட்னிக்குப் பறிக்கட்டுமா என்று கேட்டாய். சொன்னால் வைவாயே என்று, "நல்லாக் கழுவிக்கோ ஆத்தா" என்றேன். இட்லிக்கு எனக்கு மட்டும் பொடி போதும் என்றேன். பாவி, எனக்கு மட்டும்!

அந்தச் சட்னியைத் தின்ற பாப்பா வாந்தி எடுத்து, ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறக் கிடந்தாள். டாக்டரிடம்கூட நான் வாய் திறக்கவில்லை. உன் மாமியார் மருதாயி, "பழைய கறியச் சூடு பண்ணிக் குடுத்துட்டா" என்று உன்னை ஏசினாள். என் மகன் சூர்யபிரகாஷும் சேர்ந்து கத்தினான். நீ அழுதபடி என் முகத்தைப் பார்த்தாய். நான் வாக்கரைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டேன். அன்றைக்குத்தானே நீ பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாய்.

நேற்று ரெண்டு பேரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மருதாயி சோற்றை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். உன் வீட்டுக்காரன் புதினாத் தொட்டியை மண்ணோடு வெளியே தூக்கி வைத்தான். நாளை இருவரும் இந்தக் கடுதாசியை எடுத்துக்கொண்டு உன்னைக் கூப்பிட வருகிறார்கள். நீ வரமாட்டேன் என்றாலும் உன் மேல் குற்றமில்லை.

பாப்பா நூறு வயசு இருக்கட்டும். நீ வந்தால், கொல்லையில் எந்தச் செடியை நட்டாலும் முதல் வாய் நான் சாப்பிடுகிறேன் ஆத்தா. ஒரு நாள் பொறுத்து, எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்துவிட்டு, அப்புறம் பாப்பாவுக்குக் கொடு.

உன் முகம் பார்க்கக் கூசும் மாமனார்,
ஜக்கையன்