சொட்டும் மகாராணியும்

ஜூலை 8, திங்கள்

இரண்டாம் ஆண்டு வேதியியல் லேபில் ஜோடி பிரித்துவிட்டார்கள். வகுப்பில் முதல் மார்க் நான். கையில் வேகமும் உண்டு. அதற்கேற்ற ஆள் வருவாள் என்று பார்த்தால், கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி வந்து நின்றாள். பியூரெட் குழாயிலிருந்து கரைசலை ஒவ்வொரு சொட்டாக விடுகிறாள். ஒரு சொட்டு, ஒரு குலுக்கல், ஒரு பார்வை. அவள் முடிப்பதற்குள் எனக்குத் தலை நரைத்துவிடும். ‘சொட்டு’ என்று பெயர் வைத்தேன். கோபப்படவில்லை.

“உன்னை எல்லாரும் மகாராணின்னு சொல்றாங்க, தெரியுமா?” என்றாள், குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தெரியாது. தெரிந்த மாதிரி தலையாட்டி வைத்தேன்.

ஜூலை 18

சொட்டு இன்று லீவு. லேப் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

சொல்லிவிடுவது என்று முடிவெடுத்து, கண்ணாடி முன்னால் மூன்று நாள் ஒத்திகை பார்த்தேன். பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கியவளுக்கு இதெல்லாம் ஒரு காரியமா? நூலகப் படிக்கட்டில் அவளை நிறுத்தி ஆரம்பித்தேன். நட்பு என்பது என்னவென்றால் — அங்கேயே நாக்கு ஒட்டிக்கொண்டது.

“நீ முடிக்கிறதுக்குள்ள நூலகத்தையே பூட்டிடுவாங்க. எனக்கும் உன்னைப் பிடிச்சிருக்கு. தோழியா மட்டும் இல்ல,” என்று கையைப் பிடித்தாள்.

அவள் முந்திக்கொண்டதில் கொஞ்சம் வருத்தம்தான். மற்றபடி கால் தரையில் இல்லை.

ஆகஸ்ட் 4

அக்காவும் நானும் பாத்திரம் துலக்கும்போது தனியாகச் சிரித்தேனாம். அவள் விடவில்லை; சொல்லிவிட்டேன். கையில் நுரையோடு அப்படியே நின்றாள். “உன்னையும் ஒருத்தி தாங்குறாளா? பாவம்டி அவ,” என்றாள். அம்மாவிடம் நானாகச் சொல்லும்வரை அவள் வாயைத் திறக்க மாட்டாளாம்.

ஆகஸ்ட் 19, திங்கள்

சொட்டுக்கு மூன்று தடவையும் 17.2 மில்லி வந்தது. போன வருடத்து சீனியர் நோட்டில் இதே சோதனைக்கு 19.6. இவள்தான் எங்கோ கோட்டைவிட்டிருக்கிறாள் என்று தோன்றியது. அவள் குடுவை கழுவப் போன நேரத்தில் இரண்டு நோட்டிலும் திருத்தி எழுதி, நானே கொண்டுபோய் மேடம் மேஜையில் வைத்துவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. எதற்கு வீணாக மனம் நோக வேண்டும்?

ஆகஸ்ட் 21

காப்பியடிப்பவர்களைப் பிடிக்கத்தான் இந்த வருடம் கரைசலின் செறிவைக் குறைத்துக் கொடுத்தார்களாம். 17.2 சரி.

இரண்டு பேர் நோட்டும் ரத்து. செய்முறைத் தேர்வு எழுத முடியாது. யார் திருத்தியது என்று மேடம் கேட்டார். சொட்டு என்னைத்தான் பார்த்தாள். ரெண்டு பேரும் சேர்ந்துதான் எழுதினோம் மேடம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? என் வாயா அது?

ஆகஸ்ட் 22

வேறு மேஜைக்குப் போய்விட்டாள். “தப்புன்னு நினைச்சா என்கிட்ட கேட்டிருக்கலாம். அது கூடப் போகட்டும். மேடம் முன்னாடி என்னையும் சேர்த்து இழுத்த பாரு,” என்றாள்.

ஆகஸ்ட் 25

அவளுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். நான்கு பக்கம். படித்துப் பார்த்தால் மூன்றரைப் பக்கம் என் பக்கத்து நியாயம். கிழித்துப் போட்டேன். ச்சே, என்ன ஜென்மம்டி நீ.

ஆகஸ்ட் 26, திங்கள்

மேடத்திடம் போய், நான்தான் திருத்தினேன், அவளுக்கு எதுவும் தெரியாது என்றேன். அதற்குமேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. அவளைத் தேர்வுக்கு அனுமதித்துவிட்டார். எனக்கு இந்தப் பருவம் செய்முறையில் ஃபெயில். தண்டனையாக, முதலாம் ஆண்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அடிப்படையிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். ஆனால் மத்தியானம் பசித்துச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 9

முதலாம் ஆண்டு லேபில் கடைசி மேஜை எனக்கு. நாலு மணிக்கு வாசலில் சொட்டு நின்றாள். நான் ஒப்புக்கொண்டது மேடம் சொல்லித்தான் தெரியுமாம். ஏன் தன்னிடம் வந்து சொல்லவில்லை என்று கேட்டாள். சொன்னால் நீ மன்னித்தே தீர வேண்டியதாகிவிடும், அதனால்தான் என்றேன்.

“இன்னும் கோபம் போகல. ஒரு மாசமாவது ஆகும்.”

“சரி. இங்க பக்கத்துல உட்கார்ந்து கோபப்படுறியா?”

ஸ்டூலை இழுத்துப் போட்டு, என்னைப் பார்க்காமல் உட்கார்ந்துகொண்டாள். மணி அடிக்கும்வரை நான் வாயைத் திறக்கவே இல்லை.