மூன்று பிரதிகள், திறக்காத ஒரு கோப்பு

நவம்பர் 11, செவ்வாய்

விடிந்ததிலிருந்து விட்டு விட்டு மழை. மாடியில் துணி எடுக்க மறந்தாயிற்று.

ஞாயிறு பூசை முடிந்ததும் தேவாலயப் பங்கு மண்டபத்தில் என் பேச்சு: ‘உங்கள் ஆவணங்களைக் காப்பது எப்படி’. சாமியார் இருபது நிமிடம் தந்திருக்கிறார். போன வருடம் தந்தது பத்து. போன வருடம் விழித்திருந்தவர்கள் மூன்று பேர், அதில் ஒருவர் மைக் போட்டவர். குறிப்பு:

– வெறும் உரைக்கோப்பு. டாட் டி.எக்ஸ்.டி. அழகு கிடையாது, அலங்காரம் கிடையாது, எந்தக் கருவியிலும் திறக்கும். வரன் பார்க்கும்போது இதைத்தான் தேட வேண்டும், யாரும் தேடுவதில்லை.
– கோப்பின் பெயரில் தேதி. ஆண்டு முதலில், பிறகு மாதம், பிறகு நாள். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘இதுதான் ஃபைனல்’ என்று வைப்பவர்களுக்கு மோட்சம் உண்டு, கோப்பு கிடைக்காது.
– பட்டியல் எல்லாம் காற்புள்ளி போட்ட சி.எஸ்.வி.யில். எக்ஸெல் போனாலும் காற்புள்ளி இருக்கும்.
– தமிழ் என்றால் யூனிகோடு. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது தமிழ் அல்ல, தமிழ் மாதிரி தெரியும் படம்.
– மூன்று பிரதி. ஒன்று வீட்டுக்கு வெளியே.

இவ்வளவு எழுதும்போது அக்காவின் கணவர் அந்துவான் மாமா போன். அக்கா விழுந்துவிட்டாள். வைத்திக்குப்பத்தில் மீன் வாங்கப் போய், மீன் கழுவிய தண்ணீரில் சறுக்கி. இடது இடுப்பு எலும்பு முறிவு. மீனை யாரோ பத்திரமாக வீட்டில் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்களாம்.

ஆஸ்பத்திரிக்குப் போக, அரியாங்குப்பம் பாலத்தைக் கடக்கவே நாற்பது நிமிடம். அக்கா முகம் சுருங்கிக் கிடந்தாள். வாய் நன்றாக இருந்தது.

“வாடா. கம்ப்யூட்டரை வுட்டுட்டு வந்துட்டியா? அது அழுவாதா?”

வெள்ளி காலை ஆபரேஷன். மயக்க மருந்து டாக்டரம்மா வந்தார். சின்ன வயது, மெல்லிய குரல், கையில் கேள்வித்தாள். சர்க்கரை? உண்டு. ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை? உண்டு. முன்பு ஆபரேஷன்?

பித்தப்பை. பதினான்கு வருடம் முன்பு. சொல்லிவிட்டு மாமாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அன்று ஆபரேஷன் முடிந்த பிறகும் அக்காவுக்கு மூச்சு வரவில்லை. சாயங்காலம் வரை இயந்திரம்தான் மூச்சு விட்டது. பிழைத்த பிறகு அந்த டாக்டர் ஒரு சீட்டில் மருந்தின் பெயரை எழுதி, இதை இவருக்கு இனி எப்போதும் கொடுக்கக் கூடாது என்று மாமாவிடம் கொடுத்தார். அந்த நர்சிங் ஹோம் இப்போது இல்லை. அந்த டாக்டரும் இல்லை.

“மருந்து பேரு?”

“வெள்ளைச் சீட்டு டாக்டர்,” என்றார் மாமா. விரலால் அகலம் காட்டினார். “இவ்ளோ இருக்கும்.”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. “சந்தேகப்படற மாதிரி நாலஞ்சு மருந்து இருக்கு. எல்லாத்தையும் ஒதுக்கிட்டா என் கையில ஒண்ணும் மிஞ்சாது. ரத்தம் கட்டாம இருக்கற அந்த மாத்திரையால, முதுகுல மரத்துப்போற ஊசி போடவும் யோசனையா இருக்கு. பேரு கிடைச்சா நல்லது. வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள.”

அவர் போனதும் அக்கா மாமாவைப் பிடித்துக்கொண்டாள். “ஒரு சீட்டு. ஒரே ஒரு சீட்டு. அதைப் பத்திரமா வச்சிக்கத் தெரியலையே உங்களுக்கு.”

“காப்பி எடுக்க மச்சான்கிட்ட குடுத்தேன் பிலோமின். திருப்பி வாங்கி பர்ஸ்ல வச்ச ஞாபகம்.”

“பர்ஸ்ல! பஸ் டிக்கெட்டு அஞ்சு வருசமா இருக்குது அந்தப் பர்ஸ்ல. என் உசுரு மட்டும் வுழுந்துடுச்சா?”

மாமா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். “நீதான் எல்லாத்தையும் ஏத்தி வப்பியே மச்சான். உன்கிட்ட இருக்கும்ல?”

“இருக்கும். தேடிப் பாக்கறேன்.”

அவர் திருப்பி வாங்கவில்லை. கோப்பில் ஏற்றியதும் சீட்டைக் கிழித்துக் குப்பையில் போட்டவன் நான். இதை எழுதும்போதே ஒருமுறை வாசலைப் பார்த்தேன். இந்த வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை.


நவம்பர் 12, புதன்

மழை இல்லை. புழுக்கம். டீ மூன்று, சாப்பாடு இல்லை.

கோப்பு பத்து நிமிடத்தில் கிடைத்தது. பெயரில் தேதி, ஆண்டு முதலில், ‘அக்கா மருந்து’. பெருமைப்பட்ட நேரம் நான்கு விநாடி.

திறக்கவில்லை.

அது உரைக்கோப்பு இல்லை. அப்போது நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவன். வேலை நேரத்தில் நான் சொல்லச் சொல்ல, அங்கே தட்டச்சராக இருந்த சகாயமேரி பக்க வடிவமைப்பு மென்பொருளில் தட்டச்சு செய்தாள். அந்த மென்பொருளைச் செய்தவர்கள் கடையைக் கட்டிவிட்டார்கள். எழுத்துரு, எங்கள் அச்சகத்துக்கென்றே ஒருவர் விசைகளை மாற்றி வைத்துச் செய்துகொடுத்தது. அந்தக் கணினி அச்சகத்தோடு போயிற்று. மருந்தின் பெயரையாவது ஆங்கிலத்தில் விட்டிருக்கலாம். தமிழில்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான்.

என் மற்ற கோப்புகளையெல்லாம் யூனிகோடுக்கு மாற்ற ஒரு கோடை முழுவதும் செலவழித்தேன். பங்குச் சங்கத்தின் ஆண்டறிக்கைகள் மாற்றப்பட்டன. அத்தை வீட்டு இட்லிப்பொடி அளவு மாற்றப்பட்டது. இது விட்டுப்போயிற்று.

வீட்டு வட்டில் பார்த்தேன். வங்கிப் பெட்டகத்தில் வைத்த வட்டை எடுத்துவந்து பார்த்தேன். இணையக் கிடங்கில் பார்த்தேன். மூன்று பிரதி, மூன்று இடம், மூன்றும் ஒரே மாதிரி திறக்கவில்லை. காப்புப்பிரதி முறை குறையில்லாமல் வேலை செய்திருக்கிறது.

நோட்பேடில் வலுக்கட்டாயமாகத் திறந்தேன். சதுரம் சதுரமாக நான்கு பக்கம். நடுவில் ஆறு வரி மட்டும் எழுத்து மாதிரி: gJ;k#~ wq[;d என்று போகிறது. இணையத்தில் கிடைத்த ஏழு எழுத்துரு மாற்றிகளில் போட்டேன். ஏழு விதமான குப்பை. ஒன்றில் ‘கோழி’ என்று ஒரு சொல் வந்தது. ஒரு கணம் அது மருந்தாக இருக்குமோ என்று யோசித்தேன். அந்த நிலைமை.

மதியம் ஆஸ்பத்திரி. மாமா வீட்டில் பீரோவைக் கவிழ்த்துத் தேடிவிட்டு வந்திருந்தார். சட்டையெல்லாம் அந்துருண்டை வாசம். கல்யாண ஆல்பத்தின் அட்டையைக்கூடப் பிரித்துப் பார்த்தாராம்.

அக்கா சத்தமாகத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அவர் வெளியே போனதும் என்னிடம்: “மூச்சு வுடணும்னு தெரியுது, வுட முடியல. அன்னிக்கு அப்பிடித்தான் இருந்துச்சு. சுத்தி எல்லாரும் பேசறது கேக்குது. நான் இருக்கேன்னு சொல்ல ஒரு விரலு அசையல. உன் மாமாகிட்ட இதைச் சொன்னதில்ல. சொல்லாத.”

பதினான்கு வருடமாக அவள் அன்று தூங்கிக்கொண்டிருந்தாள் என்றே நினைத்திருந்தேன்.

சகாயமேரிக்கு போன் செய்திருக்க வேண்டும். காலையிலேயே. அந்த விசைகள் அவள் விரலில் இருக்கும். உப்பளத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள், நம்பர் இருக்கிறது. செய்யவில்லை. ஏன் என்றால் நான் சீட்டைக் கிழித்தபோது எதிரே உட்கார்ந்திருந்தவள் அவள்.

இதை எழுதிப் பார்த்தால்தான் எவ்வளவு கேவலம் என்று தெரிகிறது. அக்காவின் மூச்சு ஒரு பக்கம், என் பெயர் ஒரு பக்கம். ஒரு பகல் முழுவதும் என் பெயரைக் காப்பாற்றினேன்.

ஆறு மணிக்கு போன் செய்தேன். சுவிட்ச் ஆஃப்.


நவம்பர் 13, வியாழன்

மேகம். காலையிலேயே இரண்டு டீ.

ஒன்பது மணிக்கு உப்பளம் கிளம்பினேன். வாசலில் மாமா, ஸ்கூட்டரோடு. “நானும் வரேன் மச்சான். ஆஸ்பத்திரியில உக்காந்தா அவ பாக்கற பார்வை தாங்கல.” வேண்டாம் என்று சொல்லக் காரணம் தேடினேன். கிடைக்கவில்லை. பாலம் முழுவதும் மாமாவின் முதுகைப் பார்த்துக்கொண்டே போனேன்.

கடையில் கூட்டம். ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், பிரெஞ்சுப் பிறப்புச் சான்றிதழோடு ஒரு பெரியவர். எதையும் ஒரே ஒரு நகல் எடுக்க யாரும் வருவதில்லை, எல்லோரும் ஐந்து எடுக்கிறார்கள். இவர்களுக்கா ஞாயிற்றுக்கிழமை பேசப் போகிறேன்?

சகாயமேரிக்குத் தலை நரைத்திருக்கிறது. ஆறு வரியையும் தாளில் எடுத்துப்போயிருந்தேன். பார்த்தாள். “கண்ணுக்குத் தெரியாது சார். கை சொல்லும். நீங்க ஒவ்வொண்ணா படிங்க.”

ஜெராக்ஸ் இயந்திரத்தின் மூடி மேல் இரண்டு கையையும் விசைப்பலகையில் வைப்பதுபோல் வைத்துக் கண்ணை மூடினாள். நான் படித்தேன். சின்ன ஜி. பெரிய ஜே. அரைப்புள்ளி. அவள் விரல் மூடியில் இறங்கும், வாய் எழுத்தைச் சொல்லும், மாமா பழைய நகல் ஒன்றின் முதுகில் எழுதிக்கொண்டார். முதல் வரி ‘பிலோமின் அக்காவுக்கு’ என்று வந்தபோது மாமா பேனாவை நிறுத்தி மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

மூன்றாவது வரி. விரல் ஒரு இடத்தில் நின்றது. “இது ஸ-வா, ஷ-வா… இருங்க.” இரண்டு முறை மூடியைத் தட்டினாள். பெரியவர் சான்றிதழை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். “ஸ. சுண்டுவிரல்ல வருது. ஸதான்.”

சக்ஸினைல்கோலின்.

மாமா அதைப் பெரிய எழுத்தில் எழுதி, அடிக்கோடு போட்டார்.

“அப்பவே சொன்னேன் சார்,” என்றாள் சகாயமேரி, கண்ணைத் திறந்து, சிரித்துக்கொண்டே. “சீட்டை வச்சிக்குங்கன்னு. நீங்கதான் இனிமே பேப்பரே வேணாம் மேரி, எல்லாம் உள்ள போயிடுச்சுன்னு சொல்லி நாலாக் கிழிச்சுக் குப்பையில போட்டீங்க.”

மாமா தாளை மடித்தார். சட்டைப்பையில் வைத்தார். வெளியே எடுத்து, ஒருமுறை பார்த்து, மறுபடி வைத்தார்.

ஸ்கூட்டரைக் கிளப்பவில்லை, தள்ளிக்கொண்டே நடந்தார். நான் பின்னால். ஸ்டேடியம் வரை.

“மாமா…”

“அவளுக்குத் தெரிய வேணாம்.”

“நான் சொல்லிடறேன் மாமா.”

“நாளைக்கு உள்ள போறப்ப அவளுக்குக் கோவம் இருக்கணும் மச்சான். கோவம் இல்லனா பயப்படுவா. என் மேல இருக்கற கோவம் பழகினது, வசதியா இருக்கும். நான் தொலைச்சதாவே இருக்கட்டும்.” கொஞ்ச தூரம் போய்: “ரெண்டு நாளா ஆல்பத்தைப் பிரிச்சிக்கினு உக்காந்திருந்தேன். அதைத்தான் மறக்க முடியல.”

ஸ்கூட்டரைக் கிளப்பினார், நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

நாலு மணி. டாக்டரம்மா தாளைப் படித்ததும் தோள் இறங்கியது. அவரும் பயந்திருக்கிறார், இப்போதுதான் தெரிந்தது. “இதுன்னா வேற வழியா போயிக்கலாம். நல்ல வேளை.” பிறகு என்னைப் பார்த்தார். “நீங்க கூடப் பிறந்தவரா? இது குடும்பத்துல வரக்கூடியது. உங்களுக்கும் ரத்தம் பாக்கணும். இதுவரைக்கும் மயக்க மருந்து குடுத்திருக்காங்களா?”

இல்லை.

“பாத்துடுங்க.”

சாமியாருக்குச் செய்தி: ஞாயிறு பேச்சு வேண்டாம், உடல்நிலை.


நவம்பர் 14, வெள்ளி

வெயில். தேவையே இல்லாத அளவு வெயில்.

7.40: அக்காவை உள்ளே கொண்டுபோனார்கள். தள்ளுவண்டியில் படுத்துக்கொண்டே மாமாவிடம், “வூட்டுச் சாவியாவது இருக்குதா, அதுவும் போச்சா?” மாமா சாவியை ஆட்டிக் காட்டினார். திருப்தியாகப் போனாள்.

8.15: மாமா ஜெபமாலை. நான் சுவரிலுள்ள அறிவிப்புகளைப் படித்தேன். எழுத்துப்பிழை ஆறு.

9.05: கதவு திறந்தது. வேறு யாருக்கோ.

9.30: பித்தப்பை நாளில் இந்த நேரத்துக்குத்தான் நர்ஸ் ஓடினாள். இன்று யாராவது ஓடுகிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு வார்டுபாய் வேகமாக நடந்தான். எழுந்து நின்றேன். அவன் டீ வாங்கப் போனான்.

10.10: நாம் படித்தது சரிதானா? ஸ-வா, ஷ-வா என்று ஒரு விரல் சொன்னதை நம்பி அக்காவை உள்ளே அனுப்பியிருக்கிறோம். மாமாவிடம் சொல்லவில்லை. அவர் மணிகளை உருட்டுவது நின்றிருந்தது. அவரும் அதையேதான் யோசிக்கிறார்.

10.50: டாக்டரம்மா. முகக்கவசத்தைக் கழற்றாமலே, “மூச்சு தானா விடறாங்க.”

மாமா அவருக்குக் கைகூப்பி, பிரெஞ்சில் நன்றியாக “மெர்சி, மெர்சி” என்றார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்தவர் அரை மணி நேரம் எழவில்லை.

மாலை 4. வார்டு. அக்கா அரைத் தூக்கம். கண் திறந்ததும் மாமாவைத் தேடினாள். “அந்தப் பேரை எங்கியாவது பத்திரமா வச்சிக்கினீங்களா? இல்ல அதையும்…”

மாமா என் பக்கம் திரும்பவே இல்லை. “வச்சிக்கினேன்.”

“சீட்டை அவர் தொலைக்கலக்கா. நான் கிழிச்சிப் போட்டேன்.”

சொல்லிவிட்டேன். மாமா ஜன்னலைப் பார்த்தார். அக்கா என்னையே பார்த்தாள். அவள் மார்பு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்று.

“பேனா இருக்குதா?”

கொடுத்தேன்.

“என்கிட்ட எதுக்கு? நீ எழுது. அந்தப் பேரை. என் கண்ணு முன்னாடி, பேப்பருல.”

எழுதினேன். சகாயமேரியின் விரல் நின்ற இடத்தில் என் பேனா நிற்கவில்லை. அக்கா தாளை முகத்துக்குக் கிட்டே பிடித்து, தள்ளிப் பிடித்து, மாமாவிடம் நீட்டினாள். மாமாவும் பார்த்தார்.

“இன்னா எழுத்துடா இது? ஒரு மனுசனால படிக்க முடியுமா? திருப்பி எழுது.”

இரண்டாவது தாளும் தேறவில்லை. மூன்றாவதில் இருக்கிறேன்.