வெற்றிலை என்று சொன்னேன்

அண்ணாச்சி,

உங்கள் மழைக்கோட்டு இன்று காலை என் கைக்கு வந்தது. நம்ம பள்ளிவாசல் எஸ்டேட்டில் நாலு நாளாக விடாத மழை. நீங்கள் கண்மூடி ஒரு வருடம் ஆனபிறகு, உங்கள் வீட்டை ஒழித்துக்கொடுக்க அயர்லாந்திலிருந்து வந்திருக்கும் செல்வி, "சித்தப்பா, இத நீங்க வச்சுக்கங்க" என்று நீட்டினாள். பையில் கைவிட்டேன். சருகாகிப்போன ஒரு வெற்றிலை. முகர்ந்தால் லேசாக இன்னும் காரம்.

எனக்கு எழுத்துத் தெரியாது. அதனால் உங்கள் மகள் செல்வியையே பக்கத்தில் உட்காரவைத்து, நான் சொல்வதை எழுதச் சொன்னேன். "அப்பாவுக்கா கடுதாசி?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எத்தனை வரி தாங்கும் என்று தெரியவில்லை.

போன வருடம் நாம் இரண்டு பேரும் செல்வி வீட்டுக்குப் போயிருந்தோமே, டப்ளினிலும் அன்று இதே நூல் மழைதான். ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பும்போது செல்வி, வெளியே போகக்கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னாள். கதவு சாத்தியதும் நீங்கள் எழுந்துகொண்டீர்கள்.

"நாப்பது வருசம் மழைக்குள்ள கெடந்தவனுக்கு இவ குடை புடிக்கா. கெளம்புலே!"

ஊர் சுற்றிக்காட்டும் மாடி பஸ்ஸில், கூரையில்லாத மேல்தட்டில் நாம் இரண்டு பேர் மட்டும். பலகை படிக்கத் தெரியாதவன் கண்ணால்தான் வழி வைத்துக்கொள்ள வேண்டும். பச்சைக் கதவு, ஒற்றைக் கை உடைந்த சிலை, மீன் கடை, அதற்கப்புறம் ஆறு. இப்போது கேட்டாலும் வரிசையாகச் சொல்வேன். ஒரு நிறுத்தத்தில் இறங்கி, கடையில் தேநீர் வாங்கி முகர்ந்து பார்த்தீர்கள். "வெறும் தூசிலே. நம்ம பாக்டரில தரையில கூட்டி அள்ளுவோமே, அது."

ஆற்றுப் பாலத்தின் நடுவில் இருமல் வந்தது. தேயிலைத் தூசியில் வேலை பார்த்த நமக்கெல்லாம் உள்ள இருமல்தானே என்று நான் நின்றேன். கைக்குட்டையை விரித்துக் காட்டினீர்கள். சிவப்பு.

"எப்பருந்து?"

"தை மாசத்துலருந்து. செல்விட்ட மூச்சு விட்டுறாத. அவ நர்சு. தெரிஞ்சா இங்கனயே கட்டில்ல போட்டுருவா. நான் நம்ம மலையிலதாம்லே சாவணும்."

அதன்பிறகு மறுபடி ஏறிய பஸ் ஒரு பழைய கோட்டையைச் சுற்றியது. நீங்கள் பிள்ளை மாதிரி எட்டி எட்டிப் பார்த்தீர்கள். நான் உங்கள் கைக்குட்டை இருந்த பையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் உங்கள் மழைக்கோட்டைக் காயப்போட எடுத்த செல்வி கையில் அந்தக் கைக்குட்டை சிக்கிவிட்டது. "என்னப்பா இது?" நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

"வெத்தலைம்மா" என்றேன். "நாந்தான் குடுத்தேன்."

"விட்டு மூணு வருசமாச்சு, மறுபடி பழக்கிட்டீங்களா? நரைச்சு என்ன பிரயோசனம் சித்தப்பா!" என்று என்னைத் திட்டிக்கொண்டே, அந்தக் கைக்குட்டையைக் குழாயடியில் அவளே கசக்கி அலசினாள். பொய் நிற்க வேண்டுமே என்று, என் பொட்டலத்திலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து உங்கள் கோட்டுப் பையில் வைத்தேன். அதுதான் இன்று கிடைத்தது.

ஊர் திரும்பி, ஐப்பசி மழையில் போய்ச் சேர்ந்தீர்கள். நினைத்தபடி மலையில்தான். அன்றிலிருந்து போனில் செல்வி கேட்பது ஒன்றுதான். "நர்சா இருந்தும் எனக்குத் தெரியாமப் போச்சே சித்தப்பா?" "யாருக்கும்மா தெரியும்" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். உங்களுக்குக் கொடுத்த வாக்குக்காக அவளைக் குற்றவாளியாக விட்டுவைத்தேன். அங்கேயே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பீர்களா? தெரியாது. உங்களிடம் கேட்கவும் வழியில்லை.

சற்றுமுன் வெற்றிலை என்று நான் சொன்ன இடத்தில் பேனா நின்றுவிட்டது, அண்ணாச்சி. தலையை நிமிர்த்தி, "நான் அலசினது ரத்தமா?" என்றாள்.

"ஆமாம்மா."

எழுந்து வாசலுக்குப் போனாள். மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பி வந்து உட்கார்ந்து, "மிச்சத்தையும் சொல்லுங்க" என்றாள். அதற்கப்புறம் சித்தப்பா என்று கூப்பிடவில்லை.

வெற்றிலை என் சட்டைப்பையில் இருக்கிறது. நான் சொல்லி முடித்துவிட்டேன். பேனா இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அவள் என்ன எழுதுகிறாள் என்று படித்துப் பார்க்க எனக்குத் தெரியாது.