பொய்ச் சாட்சி

4 ஜூலை 2025, வெள்ளி

போன வாரம் எங்க சபை வாலிபர் கூட்டத் தலைவி பிளஸ்ஸி அக்காகிட்ட மட்டும் மனசைத் திறந்தேன். எனக்குப் பொண்ணுங்களைத்தான் பிடிக்குது, தூக்கமே இல்ல, உயிரோட இருக்கவே வெறுப்பா இருக்குன்னு. கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. இன்னைக்கு உபவாச ஜெப வாட்ஸப் குரூப்புல என் பேரோட அவங்க போட்டது: "செம்பாக்கம் சகோதரி ஜோசலினின் ரகசியப் பாவக் கட்டு அறுபட ஜெபிப்போம்." ரகசியமாம்! அந்தக் குரூப்புல அம்மாவும் இருக்காங்க.

7 ஜூலை

அம்மா முகம் கொடுத்துப் பேசல. "தூங்க முடியலம்மா, மனநல டாக்டர்கிட்டயாவது கூட்டிட்டுப் போங்க"ன்னேன். "வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்."

இனிமே போக என்ன மிச்சம் இருக்கு?

9 ஜூலை

ஜெபக்குழு ஆன்ட்டிங்க வந்தாங்க. தலையில எண்ணெய் பூசி ஒரே சத்தம். ஒருத்தி கனடா மாப்பிள்ளை போட்டோ காட்டினா. காபி, முறுக்கு எல்லாம் ஆச்சு. தூங்குறியாம்மான்னு ஒரு ஜென்மம் கேக்கல.

13 ஜூலை

தூங்கல.

20 ஜூலை, ஞாயிறு

சபையில எல்லார் முன்னாடியும் சாட்சி சொன்னேன். "ஆண்டவர் என்னை மாத்திட்டார்." ராத்திரி மனப்பாடம் பண்ணினதை ஆவியானவர் அபிஷேகம்னு நினைச்சாங்க. ஒரே கைதட்டல். அம்மா வீட்டுக்கு வந்து வஞ்சிரம் வறுத்து, முள் எடுத்து ஊட்டாத குறை. நல்லா சாப்பிட்டேன். படுத்ததும் தூங்கிட்டேன். சீ!

27 ஜூலை, ஞாயிறு

ஆராதனை முடிஞ்சு செருப்பு மாட்டும்போது ஜெனிஷா பக்கத்துல வந்தா. பிளஸ் டூ படிக்கிறவ.

"அக்கா, நீங்க எப்படி மாறினீங்க? நீங்க சாட்சி சொன்னதுலேர்ந்து நானும் உபவாசம் இருக்கேன். எனக்கு மட்டும் மாற மாட்டேங்குது. ஆண்டவருக்கு என்னைப் பிடிக்கலையா?"

கன்னமெல்லாம் ஒட்டிப் போயிருந்துது. அம்மா கார்ல ஹாரன் அடிச்சாங்க. அவளை அப்படியே விட்டுட்டு ஓடிப் போய் ஏறிட்டேன். பிளஸ்ஸி அக்காவைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

2 ஆகஸ்ட், சனி

முதல்ல அம்மாகிட்ட சொன்னேன், சாட்சி பொய்னு. "என் பொண்ணு செத்துட்டான்னு நினைச்சுக்கிறேன்"னு கதவைச் சாத்திக்கிட்டாங்க. இவ்வளவுதான் பாசம்!

அப்புறம் ஜெனிஷாவைக் கேம்ப் ரோடு ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போனேன்.

"நான் மாறலடி. பயந்துபோய் பொய் சொன்னேன். உன்கிட்ட ஒரு கோளாறும் இல்ல."

"அப்ப நான் ஏன் பட்டினி கிடந்தேன்?"

தோசைத் தட்டை அவ பக்கம் நகர்த்தினேன். மேசையில கவுந்து அழுதா. பொய்க்காரின்னு திட்டினா, சர்வர் திரும்பிப் பாக்குற அளவுக்கு. வாங்கிக்கிட்டேன்.

தோசை ஆறிப் போச்சு. அதையே பிச்சுப் பிச்சுத் தின்னா. அப்புறம், என் மூஞ்சியைப் பாக்காமலே, இன்னொரு தோசை கேட்டா.