தண்ணீர் ஏறும் நேரத்தில் ஒரு கூட்டம்

என் ஆசை நைனாவுக்கு,

நீ இருக்கும் இடத்தில் ஆறு இருக்கிறதா? இருந்தால் அதன் தண்ணீராவது தெளிவாக இருக்கட்டும். இங்கே எண்ணூர் ஆற்றுச் சேற்றில் இன்னும் அனல்மின் நிலையத்துச் சாம்பல்தான் காலில் ஒட்டுகிறது. நீ கண்மூடிய பிறகு அம்மா தினமும் இறாலுக்குப் போகிறாள். நான் பத்தாவதுக்கு வந்துவிட்டேன். உனக்காகக் காத்திருந்த அதே இடத்தில் இப்போது அவளுக்காகக் காத்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை எங்கள் நூலக வாசகர் இதழில் போடப் போகிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். நாம் இருளர். நமக்குப் படகு கிடையாது, வலை கிடையாது. தண்ணீர் வற்றும்போது ஆற்றில் இறங்கி, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்போம். பிடித்ததைப் போடும் ஓலைப்பைக்குப் பறி என்று பெயர். கை இரண்டும் தண்ணீருக்குள் இருப்பதால் பறியைப் பல்லில்தான் கடித்துக்கொள்ள வேண்டும்.

அதனால் வேலை நேரத்தில் உன்னால் பேச முடியாது. நான் கரையிலிருந்து, "நைனா, கெட்ச்சுதா?" என்று கத்துவேன். நீ பறியைக் கடித்தபடியே "ம்ம்" என்பாய். கிடைத்த நாளின் "ம்ம்" வேறு, கிடைக்காத நாளின் "ம்ம்" வேறு. நீ பேசிய மற்றதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டு வருகிறது நைனா, பயமாக இருக்கிறது. அந்த "ம்ம்" மட்டும் அப்படியே இருக்கிறது.

இப்போது செய்திக்கு வருகிறேன். நம் வீடுகளிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் வழியை மூடப் பார்த்தார்கள். யாரோ லாரியில் குப்பை கொண்டுவந்து கரையில் கொட்டிவிட்டுப் போகிறார்கள். அதனால் கரை நெடுகச் சுவர் எழுப்பி, நம் வழியில் இரும்புக் கதவு போட்டு, காலையில் திறந்து மாலையில் பூட்டிவிடலாம் என்று பக்கத்தில் புதிதாகக் கட்டிக் குடிவந்த புது வீட்டுக்காரர்கள் கேட்டிருந்தார்கள். அவர்கள் சொன்னதும் பொய்யில்லை. அந்த நாற்றம் நமக்கும்தான் வருகிறது. ஆனால் கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்தா தண்ணீர் வற்றுகிறது?

வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டத்தில் இதை முடிவு செய்வதாக இருந்தது. நம் ஆட்கள் அந்தக் கூட்டத்துக்குப் போனதே இல்லை. எப்போதும் தண்ணீர் வற்றும் நேரமாகப் பார்த்துத்தான் வைப்பார்கள். வேண்டுமென்று அல்ல, அவர்களுக்கு அது தெரியாது. நீ ஒரு தடவை ஈரத்துணியோடு ஓடினாய், ஞாபகம் இருக்கிறதா? திரும்பி வந்து, "எல்லாரும் போய்ட்டாங்கோ. இருந்த நாற்காலிக்கெல்லாம் ஒரு வணக்கம் வச்சிட்டு வந்தேன்" என்றாய். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். நீ மட்டும் ஏன் கடைசியில் சிரிக்காமல் போனாய் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இந்த முறை ஷமீமா அக்காவோடு நான் கவுன்சிலரைப் பார்க்கப் போனேன். தண்டையார்பேட்டையிலிருந்து ஆற்றைக் காக்கும் குழுவோடு வருவாரே, அந்த அக்காதான். தண்ணீர் ஏறும் நேரத்தில் கூட்டம் வையுங்கள் என்று கேட்டோம். கவுன்சிலர் அம்மா ஆச்சரியப்பட்டுப்போய், "இத்தன நாளா ஏம்மா யாரும் சொல்லல?" என்றார். "சொல்றதுக்கு வச்சிருக்கிற எடமே அந்தக் கூட்டம்தானே மேடம்" என்றார் அக்கா. கவுன்சிலர் கூட்டத்தைத் தண்ணீர் ஏறும் ஒரு சாயங்காலத்துக்கு மாற்றினார்.

எல்லாரும் வந்தார்கள் நைனா! காமாட்சி அத்தை கல்யாணப் புடவையில் வந்தாள். ஆனால் பள்ளிக்கூட ஹாலில் அத்தனை நாற்காலி காலியாக இருந்தும், நம் ஆட்கள் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் நல்ல தமிழில் ஒரு பேச்சு எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். அதில் 'வாழ்வாதாரம்' என்ற சொல் பல இடங்களில் வரும். முந்தின நாள் சொல்லிக் காட்டியபோது அம்மா, "இன்னாடி இது, ரேடியோ மாரி பேசிகினு கீறே?" என்றாள்.

எழுந்து நின்றேன். கூட்டத்தை நடத்திய மாநகராட்சி அதிகாரி, "பாப்பா, உனக்கு ஓட்டு இருக்கா? ஓட்டு இருக்கறவங்கதான் இங்க பேசணும்" என்றார். அந்த விதி எனக்குத் தெரியாமல் போயிற்று. காது சுட, உட்கார்ந்துவிட்டேன். நாற்காலிப் பக்கத்திலிருந்து ஒருவர், "அவங்கள்ல யாருக்குத்தான் ஓட்டு கீது? எலி புடிக்கிற ஆளுங்களுக்கு சபை இன்னாத்துக்கு?" என்றார். சிலர் சிரித்தார்கள்.

அம்மாவைப் பற்றி உனக்குத்தான் தெரியுமே. ரேஷன் கடையில்கூட நீதான் அவளுக்காகப் பேசுவாய். அந்தச் சிரிப்பு பொறுக்கவில்லையோ, நான் உட்கார்ந்தது பொறுக்கவில்லையோ, எழுந்துவிட்டாள்.

"கீது. ஓட்டு கீது. எலெக்சன் அன்னிக்கு எங்க வூட்டாண்ட வந்து, எக்கா எக்கான்னு ஆட்டோல ஏத்திகினு போனது நீதானே? அன்னிக்குத் தெரிஞ்ச மூஞ்சி இன்னிக்குத் தெர்லியா?"

இப்போது சிரிப்பு அவர் பக்கம் திரும்பியது. அம்மா நிறுத்தவில்லை. "குப்ப கொட்றவன் எங்களுக்கும்தான் பேஜாரு. சுவரு கட்டிக்கோங்கோ. ஆனா பூட்டு போட்டா நாங்க எப்டி எறங்குறது? அமாவாசைக்கு ஒரு நேரம் தண்ணி வத்தும், அட்டமிக்கு ஒரு நேரம் வத்தும். நடுராத்திரி வத்துச்சுன்னா வாட்ச்மேன வூட்ல போய் எழுப்பணுமா? அவன் பொண்டாட்டி எங்கள வெளக்கமாத்தாலயே சாத்துவா."

"அப்போ லாரிய எப்டிம்மா நிறுத்துறது?" என்று புது வீட்டுக்காரர் ஒருவர் கேட்டார். அவர் உண்மையாகவே கேட்டார்.

செருப்புகளுக்கு நடுவிலிருந்து காமாட்சி அத்தை, "வழில ரெண்டு கல்லு நடுப்பா. ஆளு போவும், லாரி போவாது. இதுக்குப் போயி எதுக்குக் கதவு?" என்றாள்.

கதவு வேண்டாம் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். நாற்காலியிலும் பாதிக்கு மேல் தூக்கினார்கள். சுவர் நம் வழிக்கு இரண்டு பக்கத்திலும் அதோடு நின்றுவிட வேண்டும், நடுவில் கதவுக்குப் பதில் இரண்டு கல் நட வேண்டும் என்று தீர்மானம் எழுதினார்கள். மாநகராட்சி அதை ஏற்க வேண்டும். இன்னும் வேலை தொடங்கவில்லை. அதனால் ஜெயித்துவிட்டோம் என்று உன்னிடம் சொல்ல மாட்டேன்.

ஆனால் இதைச் சொல்ல வேண்டும். கிளம்பும்போது கவுன்சிலர் நம் ஆட்களைப் பார்த்து, "அடுத்த கூட்டம் எப்போ வைக்கலாம்? தண்ணி எப்போ ஏறும்?" என்று கேட்டார். அம்மா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். "நிக்காதீங்க, உக்காந்து சொல்லுங்க" என்று யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். நீ வணக்கம் வைத்த நாற்காலிகளில் ஒன்றில் அம்மா உட்கார்ந்தாள் நைனா. முதுகைச் சாய்க்காமல், நுனியில்தான். ஆனாலும் உட்கார்ந்தாள்.

நீ இருந்திருந்தால் பேசியிருப்பாயா? இல்லை, நீ பேசுவாய் என்று அம்மா வாய் திறக்காமலே இருந்திருப்பாளா? எது வேண்டும் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீ வேண்டும். அது மட்டும் தெரியும்.

மறுநாள் விடியும்போது நம் வழியின் முனையில் நின்றிருந்தேன். பனியில் ஆறே தெரியவில்லை. "கெட்ச்சுதா?" என்று கத்தினேன். பனிக்குள்ளிருந்து "ம்ம்" என்று வந்தது. கிடைத்த நாளின் "ம்ம்". நீதான் என்று நான் சேற்றில் இரண்டடி இறங்கிவிட்டேன். பிறகு பறியைக் கடித்துக்கொண்டு அம்மா கரையேறி வந்தாள்.

கல் நடும் நாளில் நான் அங்கே இருப்பேன் நைனா, ஆள் போகிற அளவுக்கு இடம் விட்டிருக்கிறார்களா என்று நானே நுழைந்து பார்ப்பேன். கூட்டம் ஒவ்வொன்றுக்கும் அம்மாவோடு போவேன். எனக்கு ஓட்டு வருகிற வருடம் எழுந்து பேசுவேன். வாழ்வாதாரம் என்று சொல்ல மாட்டேன். வழி என்றே சொல்வேன்.

கரையில் நின்று பறியை வாங்கிக்கொள்ளும்
உன் மகள்,
ரேவதி