தமிழ் நீளம் என்றார்கள்

கீழே மிளகாய் அரைக்கிறார்கள். வறுத்த மிளகாய். படியேறி, கதவிடுக்கில் நுழைந்து, கணினியின் விசைகளுக்குள்ளும் இறங்கிவிடும் காரம். தும்மினேன். தும்மி முடித்து, உன் தும்மலுக்காகக் காத்திருந்தேன். எப்போதும் நான் முதலில், நீ பிறகு.

உன் மேசையை இன்னும் அகற்றவில்லை.

கொழும்புக் கம்பெனி எல்லோரையும் வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னபோது நமக்கு வீடு சரிவரவில்லை. தோட்டத்தில் உன் லய வீட்டில் கோல் வரும், இன்டர்நெட் வராது. மாத்தளையில் என் வீட்டில் அண்ணனின் பிள்ளைகள். அதனால்தான் உக்குவளையில், மிளகாய் ஆலைக்கு மேலே, இந்த அறை. இரண்டு மேசை, ஒரு மின்விசிறி. நாம் தும்முவதைப் பார்த்து முகாமையாளர் ஒருநாள் திரையில் கேட்டார், "ரெண்டு பேருக்கும் சளியா?" நீ சொன்னாய், "இல்ல சேர், உள்ளுக்குள்ள எரியுது." அவர் சிரித்தார். பகிடி என்று நினைத்துக்கொண்டார்.

பாதுகாப்புப் பொறியியலாளர் என்றால் என்ன என்று ஊரில் யாருக்கும் தெரியாது. என் அம்மா, "கம்பியூட்டர்ல வாச்சர் வேல" என்று சொல்லிவைத்திருக்கிறாள். சரிதான். வைத்தியரைப் பார்க்க முன்கூட்டியே இடம் பிடிக்கும் ஒரு செயலி. அதற்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது. வாசலில் நிற்பது நம் வேலை. யாரை நிறுத்துவது என்பது மட்டும் நம் கையில் இல்லை.

அந்தக் கூட்டம் ஞாபகம் இருக்கிறதா? நுழைபவர்களின் தொலைபேசிக்கு ஓர் இலக்கம் அனுப்புகிறோம். கூடவே ஆங்கிலத்தில் ஒரு வரி: இதை யாரிடமும் சொல்லாதீர்கள். அந்த வரி தமிழிலும் சிங்களத்திலும் போகவேண்டும் என்றாய். முகாமையாளர் கொழும்புத் தமிழர், தமிழ் பேசுவார், எழுத வராது. அவர் சொன்னார், "தமிழ் நீளம். ஒரு மெசேஜ் ரெண்டாகுது. செலவு டபுள்."

"சிங்களமும் நீளந்தானே சேர்?"

"அதையும் பிறகு பார்ப்போம்."

"இங்கிலீஷ் தெரியாதவங்கதான் சேர் ஏமாறுவாங்க. தெரிஞ்சவங்களுக்கு எதுக்கு எச்சரிக்கை?"

முகாமையாளர் அடுத்த விடயத்துக்குப் போனார். கூட்டக் குறிப்பு ஆங்கிலத்தில் வந்தது. நீ அதை அரசாங்கத் தமிழில் எனக்கு வாசித்துக் காட்டினாய், நாற்காலியில் சாய்ந்து, ஒரு கச்சேரிக் கிளாக்கர் குரலில். "'பிற்காலத்தில் பரிசீலிக்கப்படும் எனத் தீர்மானிக்கப்பட்டது.' பட்டது, பட்டதுன்னே எழுதுறானுங்கடி. யாரு தீர்மானிச்சது? பேரே இல்ல. கடைசில பட்டது யாரு? நம்ம."

சிரித்தோம். அப்போது சிரிக்க முடிந்தது.

பிறகு மழை, நுளம்பு, டெங்கு. பெரியாஸ்பத்திரியில் உன் கையில் ஊசி ஏற்றியிருந்தார்கள், தொலைபேசி உன் அப்பாவிடம். உன் கணக்கில்தான் முழுத் திறப்பும் இருந்தது. எல்லாக் கதவுக்கும் அதுவே. உன்னைத் தவிர இன்னொருவருக்கும் அந்த உரிமையைக் கொடுத்து வையுங்கள் என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். கொடுக்கவில்லை. இப்போது அவசரம். முகாமையாளர் வார்டுக்குக் கோல் எடுத்தார். நலம் விசாரித்தார், அதை மறுக்கவில்லை. விசாரித்துவிட்டு இலக்கத்தைக் கேட்டார்.

"யாரோ சேருன்னு சொல்றாரும்மா. வந்திருக்கிற நம்பர் வேணுமாம்."

நீ கண்ணை மூடிக்கொண்டாய். "குடுங்கப்பா. இன்னைக்கு மட்டும்."

அப்பா வெளியே போனதும் என் மணிக்கட்டைப் பிடித்தாய். சூடான கை. "ஊருக்கெல்லாம் சொல்லாதேன்னு வகுப்பெடுத்தேன்டி. எங்கப்பா வாயாலயே சொல்ல வச்சுட்டானுங்க." நீ கோபமாகப் பேசி நான் கேட்டது அதுதான் கடைசி. அந்த வாரம் உன்னைப் பெட்டியில் லயத்துக்குக் கொண்டுபோனோம்.

உன் கணக்கை மூட அனுமதி கேட்டேன். ஒருவர் போய்விட்டால் முதல் வேலை அது. புதிதாகச் சேர்ந்தவனுக்கும் தெரியும். அடுத்த மாதம் என்றார்கள். உன் பெயரில் ஓடும் வேலைகள் அதிகம், பிரித்தெடுக்க ஆளில்லை. மறுபடி கேட்டேன். அடுத்த காலாண்டு.

ஒரு காலை உன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி.

எனக்குள் என்ன நடந்தது என்று எழுத வரவில்லை. ஒரு கணம், ஒரே ஒரு கணம், சந்தோஷப்பட்டேன். அதை நான் மன்னிக்கப் போவதில்லை. முகாமையாளரிடம் கேட்டேன். "நான்தான். ஒரு அவசரம்" என்றார். செத்தவளின் பெயரில் உட்கார்ந்து வேலை செய்வது அவருக்கு ஓர் அவசரம்.

அவர் எப்படி நுழைகிறார் என்பது பொங்கலுக்கு உன் வீட்டுக்குப் போனபோதுதான் தெரிந்தது. உன் அப்பா சட்டைப் பையில் உன் தொலைபேசி. மணி அடித்தது. அவர் எழுந்து நின்றார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு இலக்கமாக, பாடம் ஒப்பிப்பது போல வாசித்தார். "சரிங்க சேர். நன்றிங்க சேர்."

"யாரு மாமா?"

"ஒங்க ஆபீஸ்தான் புள்ள. வாரத்துல ஒருக்கா எடுப்பாரு. நான் மறக்காம சார்ஜ் போட்டு வச்சிருக்கேன். நம்ம புள்ள வேல இன்னும் நடக்குதுல்ல?"

உன் அப்பாவின் முகத்தில் பெருமை. அதை எப்படி உடைப்பது? உடைத்தேன். "இனிமே யார் கேட்டாலும் சொல்லாதீங்க மாமா."

"சேர் கேட்டா?"

"சேர் கேட்டாலும்."

திரும்பும் வழியிலேயே முகாமையாளருக்கு எழுதினேன், இனி அவரிடம் கேட்கவேண்டாம் என்று. ஒரு பெருவிரல் படம் பதிலாக வந்தது. அவர் அடுத்த வாரமும் எடுத்திருக்கிறார். உன் அப்பா தயங்கியிருக்கிறார். "அந்தப் பிள்ளை சும்மா பயப்படுது ஐயா, நான்தானே கேக்கிறேன்" என்றிருக்கிறார். சேரே சொல்கிறார். உன் அப்பா வாசித்துவிட்டார்.

அதற்குப் பிறகு வேறொரு குரல். மரியாதையான தமிழ். "புதுசா வந்திருக்கிற சேர்" என்று சொன்னானாம். உன் கடவுச்சொல்லை எங்கோ பொறுக்கியிருந்தான், மிச்சம் அந்த இலக்கம் மட்டும். உன் அப்பா எழுந்து நின்றுதான் வாசித்திருப்பார். நன்றியும் சொல்லியிருப்பார்.

யார் எந்த வைத்தியரைப் பார்க்கப் போனார், எதற்காகப் போனார். வீட்டுக்குத் தெரியாமல் போனவர்கள், குழந்தைக்காகப் போனவர்கள், மனசு சரியில்லாமல் போனவர்கள். எல்லாம் வெளியே. விலைக்கு.

உடனே கூட்டம். உன் தொலைபேசி எண்ணைக் கணக்கிலிருந்து எடுத்தார்கள், கடவுச்சொல்லை மாற்றினார்கள், நீ கேட்டுக்கொண்டிருந்த அந்த இரண்டாவது உரிமையை எனக்குத் தந்தார்கள். கணக்கை அப்போதும் மூடவில்லை. வாடிக்கையாளர்களுக்கு அறிவித்தல் போகவேண்டும், மூன்று மொழியிலும். ஆங்கில வரைவு திரையில் வந்தது: காலமான முன்னாள் ஊழியர் ஒருவரின் குடும்பத்தினரது கவனயீனத்தால் இது நிகழ்ந்தது.

"நீங்க தமிழ்ல எழுதித் தாங்க. உங்களுக்கு நல்லா வருந்தானே" என்றார் முகாமையாளர்.

"எவ்வளவு நீளம் இருக்கலாம் சேர்?"

"எவ்வளவும் இருக்கட்டும். தமிழ் ஆக்களுக்கு வெளங்கணும்."

நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? எச்சரிக்க வேண்டியபோது தமிழ் நீளம். பழி போட வேண்டியபோது எவ்வளவு நீளமும் தகும். சொல்லாதீர்கள் என்று ஒரு வரி அனுப்பக் காசில்லாத கம்பெனி, உன் அப்பாவைக் குற்றவாளி என்று சொல்ல இரண்டு குறுஞ்செய்தியும் அனுப்பும், மூன்றும் அனுப்பும்.

எழுதினேன். எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டினேன், கேட்டால் விளங்கும் என்பதால். "இறந்துபோன எங்கள் ஊழியரின் கணக்கை நாங்கள் மூடவில்லை. எங்கள் முகாமையாளர் அவருடைய தகப்பனாரிடம், யாருக்கும் சொல்லக்கூடாத இலக்கத்தைத் தொலைபேசியில் கேட்டு வாங்கிவந்தார். அப்படிக் கேட்பது வழக்கம் என்று அந்தத் தகப்பனாரை நாங்களே பழக்கினோம்."

அவர், "இது போகாது. ஒரு ஆளைக் குறிச்சு இப்படி எழுதக்கூடாது."

"குடும்பத்தைக் குறிக்கலாமா சேர்?"

"பேர் போடலையே நாங்க."

"நம்ம ஒஃபிஸ்ல செத்தது ஒருத்திதான் சேர்."

"நீங்க ரொம்ப இமோஷனலா இருக்கிறீங்க. ரெண்டு நாள் லீவு எடுங்க."

கோபம் வந்தால் லீவு. துக்கம் வந்தாலும் லீவு. நீ போனபோது அது கிடைக்கவில்லை, கூட இருந்தவளுக்கெல்லாம் விதியில் இடமில்லை என்றார்கள். அதையும் குறித்துவைத்துக்கொள்.

அவர்கள் கேட்டபடி நான் எழுதவில்லை. ஆனால் அனுப்பினார்கள். ஏதோ இயந்திரம் மொழிபெயர்த்த தமிழ். "காலமான முன்னாள் ஊழியர் குடும்ப அலட்சியம் காரணமாக உங்கள் தரவு பாதிக்கப்பட்டது." எல்லாச் சொல்லும் முறுக்கிக் கிடந்தது. அந்த ஒரு சொல் மட்டும் தெளிவாக இருந்தது. அலட்சியம்.

செயலியின் முதல் பயனாளி நீ. சோதித்துப் பார்க்க உன் எண்ணையே போட்டாய். அதனால் அந்தச் செய்தி உன் தொலைபேசிக்கும் வந்தது. உன் அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழ் தெரியும்.

அடுத்த நாள் அவர் இங்கே வந்தார். மிளகாய் நெடியில் இருமிக்கொண்டே மாடியேறி, தொலைபேசியை என்னிடம் நீட்டினார்.

"புள்ள, இது நம்மளப் பத்தியா?"

"ஆமா மாமா."

உன் நாற்காலியில் உட்கார்ந்தார். உன்னுடையது என்று அவருக்குத் தெரியாது. "நான் தப்பு பண்ணிட்டேனா?"

"இல்ல. கேட்டவங்க தப்பு."

"சொல்லாதீங்கன்னு தமிழ்ல ஒரு வரி போட்டிருக்கலாமே. நான் படிச்சிருப்பேனே. நம்ம புள்ளைக்கே அது தோணலையா?"

அதுதான் என்னை உடைத்தது. அறிவித்தல் அல்ல, முகாமையாளர் அல்ல. நீ மறந்துவிட்டாய் என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பது. அவ்வளவு சண்டை போட்ட உன்னை.

"தோணுச்சு மாமா. கூட்டத்துல எல்லார் முன்னாலயும் கேட்டா. விடல."

"யாரு விடல?"

பெயரைச் சொன்னேன்.

அவர் உன் தொலைபேசியில் அந்த எண்ணைத் தேடி, தானே எடுத்தார். "சேர், நான்தாங்க. இல்லங்க, நம்பர் சொல்ல எடுக்கல. ஒன்னு கேக்கணும். எம் புள்ள தமிழ்ல போடச் சொல்லிச்சாமே. நீங்களா வேணான்னது?"

மறுபுறம் நீண்ட பேச்சு. அவர் குறுக்கே எதுவும் சொல்லாமல் முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார்:

"இங்கிலீஷா சொல்றீங்க சேர். தமிழ்ல சொல்லுங்க. நான் இருக்கேன்."

தொடர்பு துண்டிக்கப்பட்டது என்று எழுத வந்தது. இல்லை. முகாமையாளர் துண்டித்தார்.

அன்று பின்னேரம் உன் கணக்கை மூடினேன். அனுமதி கேட்கவில்லை. என் பெயரில், என் கையால். உன் பெயரில் ஓடிக்கொண்டிருந்த வேலைகள் ஒவ்வொன்றாக நின்றன. நிற்கட்டும். நீ ஓய்வெடுக்க அவர்கள் விட்டதே இல்லை.

எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படுமாம். யார் எடுப்பீர்கள் என்று ஒரு வரியில் பதில் போட்டேன். இன்னும் பதில் இல்லை. விசாரணைக்கான நாள் மட்டும் வந்தது. நாளை.

வேலை போகலாம். உன் அப்பாவிடமும் வீட்டிலும் சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு விளங்கவில்லை, அண்ணனுக்கு விளங்கியது, இருவரும் திட்டினார்கள். நீ உன் கோபத்தைப் பகிடியாக்கிச் சுமந்தாய். எனக்கு அந்தக் கலை வராது. என்னிடம் அது கோபமாகவே இருக்கிறது. ஆறவிடும் உத்தேசமும் இல்லை. பெயர் இல்லாத ஒரு வாக்கியத்தைப் பார்த்தால் இப்போது வாய் தானாகவே கேட்டுவிடுகிறது, உன் குரலில்: யாரு?

காலை ரயிலில் கொழும்பு போகிறேன். தனியாகப் போவதாகத்தான் இருந்தேன். சற்றுமுன் உன் அப்பா கோல் எடுத்தார். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாராம். ஸ்டேசனில் அவருக்கும் ஒரு டிக்கட் எடுக்கச் சொன்னார்.