திரும்பி வருகிற டிக்கெட்

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்தே முக்கால். வீட்டில் ஆள் இரண்டு. நேற்று வரை மூன்று. அந்த மூன்றாவது ஆள் ஆறு வாரம் உன் அறையில், உன் கட்டிலில் படுத்திருந்தாள். உன்னைக் கேட்காமல் கொடுத்தது நான்தான். கோபப்படுவதென்றால் இப்போதே பட்டு முடித்துவிட்டு மேலே படி. சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. நலம் விசாரிப்பதும் வராது. நீ நலமாகத்தான் இருப்பாய்.

உன்னை வெளிநாட்டுக்கு அனுப்பி வைத்த அதே மாணவர் அமைப்பில் நானும் சேர்ந்திருக்கிறேன். ஃபோனில் சொன்னால் நீ குதித்திருப்பாய், அது அம்மா காதில் விழுந்திருக்கும். அதனால்தான் இந்த மெயில். அம்மாவைப் பொறுத்தவரை அது பிள்ளை பிடிக்கிற கூட்டம். ஆறு வாரப் பயிற்சி என்று போன மகள் அங்கேயே வேலை தேடிக்கொண்டு மூன்று வருஷமாக வரவில்லை என்றால் வேறு என்ன சொல்வாள்?

வெளிநாட்டுப் பயிற்சிக்காகத்தான் சேர்ந்தேன். அதற்கு முன்னால் தலைமைப் பண்பு வளர வேண்டுமாம். ஒவ்வொரு கூட்டத்தையும் பாட்டுப் போட்டு, ஆடித்தான் ஆரம்பிக்கிறார்கள். நான் நடுவில் விளக்குக் கம்பம் மாதிரி நின்றேன். நீயும் ஆடினாயா? அப்புறம் வரவேற்புக் குழுத் தலைவர் என்று ஒரு பதவி கொடுத்தார்கள். வருகிற மாணவர்களின் பெட்டியைத் தூக்குவதுதான் வேலை. அம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "தலைவரே, குப்பைய யாரு கொண்டுபோய்ப் போடுவா? உங்க தொண்டர்களா?" என்று ஆரம்பித்தாள். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது உன் அறை விஷயம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித்தர ஒரு பெண் வந்தாள். அவளைத் தங்க வைப்பதாகச் சொன்ன குடும்பம், அவள் விமானம் ஏறிய பிறகு முடியாது என்றுவிட்டது. என் குழு மொத்தமும் தரையைப் பார்த்தது. "எங்க வீட்ல ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு" என்றேன். வாயை மூடிய பிறகுதான் அது சும்மா கிடக்கிற அறை இல்லை என்று உறைத்தது.

அம்மா வாசலில் அவளை மேலும் கீழும் பார்த்தாள். எக்ஸ்ரே எடுப்பவளின் பார்வை உனக்குத் தெரியுமே. பிறகு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: "இவ இங்க வந்து சேர்ந்துட்டான்னு இவ அம்மாவுக்குத் தெரியுமா?" தெரியும் என்றேன். வேலைக்குக் கொண்டுபோகும் கைப்பையைத் திறந்து உன் அறைச் சாவியை எடுத்தாள். அது தினமும் அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துகொண்டிருந்தது என்பது எனக்கே அன்றுதான் தெரியும்.

அந்தப் பெண்ணின் பெயர் அம்மா வாயில் நுழையவில்லை. கொறித்துக்கொண்டே இருப்பதால் குருவி என்று வைத்துவிட்டாள். குருவி தினமும் சாயங்காலம் அவள் அம்மாவோடு பேசுவாள். ஜன்னல் திறந்திருக்கும். கடைசி வெயில் தண்ணீர்போல உன் சுவரில் அசையும். எங்களுக்குச் சுத்தமாகப் புரியாத அந்த மொழி உள்ளேயிருந்து வழிந்து கூடம் வரைக்கும் வரும். நடுநடுவே சிரிப்பு. அந்த நேரத்தில் வீடு இருந்த இடத்திலிருந்து கொஞ்சம் மிதந்து விலகியதுபோல இருக்கும். இதற்கு என்னிடம் தொழில்நுட்ப விளக்கம் கிடையாது. அம்மா துணி மடிக்கிற சாக்கில் கதவோரம் நிற்பாள். ஆஸ்பத்திரியில் மற்றவர்களிடம் சொல்வாளே, மூச்சை இழுத்துப் பிடிங்க என்று, அப்படி நிற்பாள்.

ஒருநாள் கேட்டாள், "தினமும் அப்படி என்னதான்டா பேசுவாங்க?" குருவியிடம் அரைகுறை ஆங்கிலத்தில் விசாரித்துச் சொன்னேன்: சாப்பிட்டது, மழை வந்தது, தூங்கின பிறகு இந்த வீட்டு அம்மா வந்து போர்த்திவிடுவது. அம்மாவுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அங்க அவளுக்கு யாரு போர்த்திவிடுறா?" என்றாள். கேட்டது குருவியைப் பற்றி இல்லை. அது எனக்கும் புரிந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் குருவி ஃபோனை அம்மா கையில் திணித்துவிட்டாள். திரையில் அவள் அம்மா. அந்த அம்மாள் அவர்கள் மொழியில் பேச, நம் அம்மா நம் மொழியில் பதில் சொன்னாள். "இல்லீங்க, நல்லாத்தான் தூங்குனா. பாலு மட்டும் குடிக்க மாட்டேங்குறா, நீங்க சொல்லக் கூடாதா?" ரொம்ப நேரம் போயிற்று. ஒருவருக்கும் ஒரு வார்த்தை விளங்கவில்லை, ஒரு இடத்தில்கூடத் தடங்கல் இல்லை. கடைசியில் இருவரும் அழுதார்கள். குருவியும் நானும் சார்ஜர் தேடுவதுபோல் அங்குமிங்கும் நடந்தோம்.

எனக்கும் இடம் கிடைத்துவிட்டது. உன் நாடு இல்லை, வேறு. தண்ணீர் சுத்தம் செய்யும் கருவிகளுக்கு சர்க்யூட் செய்கிற சின்ன நிறுவனம், ஆறு வாரம். புதன்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். நேற்று குருவியை ஏற்றிவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் அம்மாவிடம் சொன்னேன். திரும்பி வருகிற டிக்கெட்டையும் சேர்த்தே எடுத்துவிடுகிறேன் என்றேன். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "அவளுக்கும் திரும்பி வர்ற டிக்கெட்டு எடுத்துக் குடுத்துத்தான்டா அனுப்புனேன்" என்றாள்.

பஸ்ஸை விட்டு இறங்கும்போது, "போயிட்டு வா" என்றாள். 'வா'வை அழுத்திச் சொன்னாள்.

அக்கா, ஒன்றை ஒத்துக்கொள்வோம். மூன்று வருஷமாக நீ கூப்பிடும்போதெல்லாம் அம்மா குளித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அப்படிச் சொன்னது நான், நம்பினதுபோல் இருந்தது நீ. வந்தால் கதவைத் திறக்க மாட்டாள் என்று நீ பயப்படுகிறாய். அதனால் சொல்கிறேன்: குருவி போன பிறகு அம்மா உன் அறையைப் பூட்டவில்லை. இதை எழுதும்போது அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள், விளக்கு போடாமல்.

அடுத்து நான் செய்யப்போவது:

1. புதன்கிழமை, வருகிறேன் என்று பதில் அனுப்புவேன்.

2. அடுத்த ஞாயிறு சாயங்காலம் நம்மூர் நேரம் ஆறு மணிக்கு என் ஃபோனை அம்மா கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுவேன். அந்த நேரத்துக்குக் கூப்பிடு. குளிக்கிறாள் என்று சொல்ல ஆள் இருக்காது.

3. ஆகஸ்ட் 3 கிளம்புவேன். அதிலிருந்து வீட்டில் ஆள் ஒன்று.

4. ஆறு வாரத்தில் திரும்பி வருவேன். அம்மா நம்பவில்லை, நம்பவும் மாட்டாள். பெற்ற பிள்ளை ஒன்று போய்த் திரும்பி வந்ததைக் கண்ணால் பார்த்தால்தான் நம்புவாள். நான் இன்னும் போகவே இல்லை, அதனால் திரும்பி வந்து காட்ட முடியாது. நீ ஏற்கெனவே போயிருக்கிறாய்.

உன் தம்பி